250 சொற்களில் ஒரு வாழ்க்கை: ஆங்கிலம் கற்கும் பெரியவர்களும் டிஜிட்டல் கதைசொல்லலும்

நாற்பது வயதுக்குமேல், வந்து சேர்ந்த நாட்டின் மொழியைப் படிக்க உட்காருகிறவருக்கு எதைப் பாடமாக வைப்பது? கடையில் விலை கேட்பது, மருத்துவரிடம் வலியைச் சொல்வது, வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவது என்று அன்றாடத் தேவைகளையா? இலக்கணத்தை ஒழுங்கு வரிசையிலா? இல்லை, அவர் இதுவரை வாழ்ந்து வந்த வாழ்க்கையையே பாடமாக்குவதா? மூன்றாவது விடைக்கு 60 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளின் ஆங்கில வகுப்புகளில் கடந்த 20 ஆண்டுகளாக அது புதிய உருவம் எடுத்து வந்திருக்கிறது. அதன் பெயர் டிஜிட்டல் கதைசொல்லல்.

உருவம் எளிமையானது. கற்பவர் தம் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறார். ஏறக்குறைய 250 சொற்களில் அதை எழுதுகிறார். தம் குரலில் வாசித்துப் பதிவுசெய்து, பத்துப் பன்னிரண்டு புகைப்படங்களை அதனோடு கோத்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக்குகிறார். பிறகு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது.

அதைப் பற்றிய வாதங்கள் அவ்வளவு எளிமையானவை அல்ல. இழந்த மதிப்பை மீட்டுத்தருகிறது, கூச்சத்தைப் போக்குகிறது, மொழியை வளர்க்கிறது என்கிறார்கள் ஆதரிப்போர். துயரத்தை வகுப்பறைச் சரக்காக்குகிறது, மென்பொருளோடு மல்லுக்கட்டுவதில் மொழிக்கான நேரம் கரைந்துபோகிறது என்கிறார்கள் ஐயம் கொள்வோர். இந்த வாதங்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு பாரம் தாங்கும் என்று இங்கே பார்க்கலாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கற்பவர் தம் குரலைத் தாமே திரும்பக் கேட்டு மறுபடி மறுபடி பேசிப் பதிவுசெய்யும் அந்த நேரத்தில்தான் இம்முறையின் மொழிப்பயன் பெரும்பாலும் இருக்கிறது. ஆய்வுகள் அதிகம் கவனிக்காமல் விட்டதும் அந்த நேரத்தைத்தான்.

கணினிக்கு முன்பே

1963ஆம் ஆண்டு உலகின் இரு மூலைகளில் ஒரே திசையில் இரண்டு முயற்சிகள் வெளியுலகுக்குத் தெரிய வந்தன. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், தம் அனுபவத்தை ‘டீச்சர்’ என்ற நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு குழந்தையிடமும் இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்பார். கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். மறுநாள் அந்தச் சொல் குழந்தைக்கு நினைவில்லை என்றால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். உள்ளிருந்து வராத சொல் தங்காது என்பது அவர் நம்பிக்கை. அதே ஆண்டு பிரேசிலின் அங்கீகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃபிரேயர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் திட்டத்தை நடத்தினார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களே அங்கே பாடம். சொல்லைப் பற்றிய பேச்சு கூலியையும் நிலத்தையும் பற்றிய பேச்சாக விரியும். அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபிரேயர் சிறைக்கும் பின்னர் நாட்டுக்கு வெளியேயும் போக நேர்ந்தது. அவருடைய சிந்தனையின் சாயல் 1990களில் தமிழ்நாட்டு அறிவொளி இயக்கத்திலும் விழுந்தது.

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புகளுக்கு இந்த மரபு இரண்டு வாய்க்கால்கள் வழியாக வந்தது. ஒன்று, மொழி அனுபவ முறை. கற்பவர் வாயால் சொல்வதை ஆசிரியர் எழுதிக்கொள்வார். அந்த எழுத்தே கற்பவருக்கு வாசிப்புப் பாடமாகும். மற்றொன்று, ஃபிரேயர் வழிவந்த பங்கேற்புக் கல்வி. 1992இல் எல்சா அவர்பாக் பாஸ்டனில் குடியேறிகளுக்கான வகுப்புகளை வைத்து எழுதிய நூல் இதற்கு அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகிறது. கற்பவரின் கதை அங்கே ஒரு தொடக்கப்புள்ளி; வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், வேலையிடம் பற்றி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அது கொண்டுபோக வேண்டும். பிரிட்டனில் 1975 முதல் பத்தாண்டு காலம் ‘ரைட் ஃபர்ஸ்ட் டைம்’ என்ற பத்திரிகை, எழுதப் பழகும் பெரியவர்களின் எழுத்தையே அச்சிட்டு வெளியிட்டது. கற்பவர்கள் தம் வாழ்க்கையைப் பொதுவில் எழுதத் தொடங்கினால் அரசியல் பின்னாலேயே வந்து நிற்கும் என்பதற்கு அதன் வரலாறு சாட்சி.

மொழி அனுபவ முறையில் அன்றே எழுந்த ஒரு சச்சரவு இன்னும் தீரவில்லை. கற்பவர் பிழையோடு சொன்னதை ஆசிரியர் பிழையோடு எழுதுவதா, திருத்தி எழுதுவதா? பிழையோடு எழுதினால் தவறு கண்ணில் பதிந்துவிடும். திருத்தினால் அது அவர் சொன்னதாக இராது. டிஜிட்டல் கதையின் கையெழுத்துப்படியை ஆசிரியர் சிவப்பு மையோடு கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வி திரும்ப வருகிறது.

கலிஃபோர்னியாவில் பிறந்த வடிவம்

இந்த வடிவம் மொழி கற்பவர்களுக்காக உருவானது அன்று. டானா ஆச்லி என்ற மேடைக் கலைஞர் 1990 வாக்கில் ‘நெக்ஸ்ட் எக்ஸிட்’ என்ற நிகழ்ச்சியை நடத்திவந்தார். திரையில் எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் அமர்ந்து, பழைய குடும்பப் படங்களையும் காணொளித் துண்டுகளையும் ஓடவிட்டுத் தம் வாழ்க்கையைச் சொல்வார். நாடகத் துறையிலிருந்து வந்த ஜோ லாம்பர்ட்டும் நீனா மல்லனும் அவரோடு சேர்ந்தார்கள். 1993இல் லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தில் முதல் பயிலரங்கு நடந்தது. அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் பின்னர் பெர்க்லிக்கு இடம்பெயர்ந்து டிஜிட்டல் கதைசொல்லல் மையம் என்றானது. 2015இல் ஸ்டோரிசென்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மூன்று நாள் பயிலரங்கு, வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்கும் கதை வட்டம், பார்வைக்கோணம், சொற்சிக்கனம் முதலான ஏழு கூறுகள் என்று இன்று வகுப்பறைகளில் நடப்பதில் பெரும்பகுதி அங்கே வகுக்கப்பட்டது.

2001இல் பிபிசி வேல்ஸும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘கேப்சர் வேல்ஸ்’ திட்டத்தைத் தொடங்கின. புகைப்படக் கலைஞர் டேனியல் மெடோஸ் அதை வழிநடத்தினார். ஊர் ஊராகக் கணினிகளோடு போய், சாதாரண மக்களைத் தங்கள் கதைகளைத் தாங்களே செய்யவைத்தார்கள். 250 சொற்கள், ஒரு டஜன் படங்கள், இரண்டு நிமிடம் என்ற கட்டுப்பாட்டை மெடோஸ் கறாராக வைத்திருந்தார். வெல்ஷ் மொழியிலும் கதைகள் வந்தன.

கல்வித்துறை இதைக் கையில் எடுக்கத் தயாராக இருந்ததற்கும் காரணம் உண்டு. 1996இல் நியூ லண்டன் குழு என்று அறியப்பட்ட பத்து அறிஞர்கள், எழுத்தறிவு என்பதை எழுத்துக்குள் மட்டும் அடைக்க முடியாது, படமும் ஒலியும் உடலசைவும் பொருள் உண்டாக்கும் வழிகளே என்று வாதிட்டார்கள். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கு இது பெரிய திறப்பு. சொல் போதாத இடத்தில் படம் கைகொடுக்கும். ஆனால் இதே திறப்பு மொழி வகுப்புக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. படம் கைகொடுக்கும் இடத்தில் சொல்லைத் தேட வேண்டிய அவசியம் குறைந்துபோகலாம். மழைக்குள் நிற்கும் வீட்டின் படம் இருக்கும்போது ‘ஒழுகுகிறது’ என்பதற்கு ஆங்கிலச் சொல்லை எதற்குத் தேட வேண்டும்? இந்தக் கேள்விக்கு, பன்முக எழுத்தறிவு என்று அறியப்படும் அக்குழுவின் சிந்தனை இன்னும் நிறைவான விடை தரவில்லை.

அடையாளம் என்னும் வாதம்

ஆய்வுகளில் மிகுதியாகக் கேட்கும் வாதம் இது. இதன் வேர் போனி நார்ட்டனிடம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கனடாவுக்குக் குடியேறிய ஐந்து பெண்களை நாட்குறிப்பு எழுதவைத்து அவர் ஆராய்ந்தார். ஒருவருக்கு மொழி கற்பதில் எவ்வளவு ஊக்கம் இருந்தாலும், எதிரில் நிற்பவர் அவரைப் பேசத்தக்க ஆளாக மதிக்காவிட்டால் பேச வாய்ப்பே அமையாது என்று காட்டினார். அந்தப் பெண்களில் மார்ட்டினா என்று அவர் பெயரிட்டு அழைக்கும் ஒருவர் தொலைபேசியில் ஆங்கிலம் பேசவே அஞ்சியவர். வாடகை வீட்டுச் சிக்கலில் வீட்டுக்காரரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் வாதாடினார். ஆங்கிலம் திக்கித் திணறும் குடியேறியாக இருந்தவரை வராத பேச்சு, குடும்பத்தைக் காக்க வேண்டிய தாயாக நின்றபோது வந்தது. எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பது எப்படிப் பேசுகிறோம் என்பதை மாற்றும் என்ற இந்தக் கண்டுபிடிப்பு, சொந்தக் கதையைச் சொல்லவைக்கும் முறைக்கு வலுவான ஆதாரம்.

ஜிம் கம்மின்ஸ் இதையே குழந்தைகள் பக்கத்திலிருந்து சொன்னார். பிள்ளைகள் தம் வீட்டு மொழியோடும் அனுபவத்தோடும் உருவாக்கும் ஆக்கங்களை அவர் அடையாளப் பனுவல்கள் என்றார். அவை கண்ணாடிபோல் அவர்களுக்கே அவர்களை நல்ல முகத்தோடு காட்டும் என்றார். 2011இல் பொலினா வினோகிரடோவாவும் உடன் ஆசிரியர்களும் மேரிலாண்டில் பல்கலைக்கழகப் படிப்புக்கு முந்தைய ஆங்கில வகுப்பில் டிஜிட்டல் கதைகள் செய்த அனுபவத்தைப் பதிவுசெய்தார்கள். 2014இல் ரான் டார்வினும் நார்ட்டனும் வான்கூவரில் பிலிப்பைன்ஸ் குடியேறிகளை முன்வைத்து, பிறந்த நாட்டையும் வந்த நாட்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவர இவ்வடிவம் உதவும் என்று எழுதினார்கள்.

இந்த ஆய்வுகளின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை ஓரிரு கற்பவர்களை ஆழமாகப் பார்ப்பவை. ஆய்வாளரே ஆசிரியராகவும் இருப்பவை. படம் முடிந்த மகிழ்ச்சியில் கற்பவர் சொன்னதைச் சான்றாகக் கொள்பவை. தம் ஆசிரியர் ஆர்வத்தோடு நடத்திய பயிற்சி பயனற்றது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதிலும் ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கும் பண்பாட்டிலிருந்து வந்தவர்களுக்கு?

இதற்கு எதிர்முனையில் வைத்துப் பார்க்க வேண்டிய சான்று யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வகுப்பு ஒன்றைச் சுரேஷ் கனகராஜா ஆராய்ந்து 1993இல் எழுதினார். பாடநூல் அமெரிக்காவில் தயாரானது. அதன் பக்க ஓரங்களில் மாணவர்கள் வரைந்தும் கிறுக்கியும் வைத்திருந்தவற்றை அவர் படித்துப் பார்த்தார். தமிழ்ச் சினிமாவும் போராட்டமும் காதலும் அந்த ஓரங்களில் இருந்தன. அமெரிக்கப் பாத்திரங்கள் தமிழர்களாக உருமாறியிருந்தார்கள். சொந்த வாழ்க்கை வகுப்பறைக்குள் வர வழி தேடிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அதே மாணவர்கள் வகுப்பில் கேட்டது இலக்கணத்தை. தேர்வுக்கு உதவுவதைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். பேசிப் பழகும் பயிற்சிகளில் அவர்களுக்கு நாட்டம் குறைவாக இருந்தது.

டிஜிட்டல் கதையை முன்வைப்பவர்கள் அந்தப் பக்க ஓரத்தைப் பார்க்கிறார்கள். இலக்கணம் கேட்ட குரலைச் சில சமயம் கேட்காமல் விடுகிறார்கள். என் வாழ்க்கை எனக்குத் தெரியும், ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் அதை எதிர்ப்பு என்றோ பழமை என்றோ ஒதுக்கிவிட முடியாது. அது அவர் தம் நேரத்துக்கு வைத்திருக்கும் மதிப்பு.

மொழி வளர்கிறதா?

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். தமிழ் பேசும் ஒருவர், புலம்பெயர்ந்த நாட்டில் தம் முதல் வேலையைப் பற்றிக் கதை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ வொர்க்ட் இன் எ பேக்கரி’ என்று தாளில் சரியாகவே இருக்கிறது. ஒலிவாங்கிக்கு முன் வாசிக்கும்போது ‘ஐ வொர்க் இன் பேக்கரி’ என்று வருகிறது. தமிழ்ச்சொல்லின் இறுதியில் இரண்டு வல்லின மெய்கள் அடுத்தடுத்து நிற்பதில்லை. ஓர் உகரமாவது வந்து தாங்க வேண்டும். அதனால் கடைசி ஒலி நாவில் நழுவுகிறது. அதோடு சேர்ந்து இறந்தகாலமும் நழுவிப்போகிறது. பேசும்போது மனம் பொருளில் இருப்பதால் இது அவர் காதில் விழாது. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால்தான், இன்னும் அந்த பேக்கரியிலேயே வேலை பார்ப்பதுபோல ஒலிப்பது தெரியவரும். இரண்டாம் பதிவில் ‘வொர்க்டு’ என்று உகரம் ஏறுகிறது. மூன்றாவதிலோ நான்காவதிலோ அந்த ஒலி அடுத்த சொல்லின் உயிரோடு போய் ஒட்டிக்கொண்டு ‘வொர்க்டின்’ என்று ஒரே மூச்சில் வருகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறும் தமிழ்ப் புணர்ச்சிதான் இங்கே அவருக்குக் கைகொடுத்தது.

கணினித் திரையில் இன்னொன்றும் நடக்கிறது. குரல் அலைவடிவமாகத் தெரிகிறது. எங்கே மூச்சு முட்டி நின்றோம், எங்கே ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினோம் என்பது தட்டையான கோடாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியை வெட்டிவிடலாம். அல்லது அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பப் பேசலாம். வகுப்பில் வாய்விட்டுப் பேசும்போது கிடைக்காத இரண்டாம் வாய்ப்பு இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கிறது.

இது ஏன் பயன்படக்கூடும் என்பதற்கு மொழியியலில் விளக்கம் உண்டு. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் படித்தும்கூடப் பேச்சில் இலக்கணம் செம்மைப்படாததைக் கண்ட மெரில் ஸ்வெய்ன், 1985இல் வெளிப்பாட்டுக் கருதுகோளை முன்வைத்தார். பேசவும் எழுதவும் முனையும்போதுதான் சொல்ல விரும்புவதற்கும் சொல்ல முடிவதற்கும் உள்ள இடைவெளி கற்பவருக்கே தெரியவரும் என்றார். டோனி லிஞ்ச் 2001இல், கற்பவர்கள் தங்கள் உரையாடல் பதிவைத் தாங்களே கேட்டு எழுதினால் பல பிழைகளைத் தாங்களே கண்டு திருத்துவதைக் காட்டினார். ஒரே செய்தியை நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே வெவ்வேறு ஆட்களிடம் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. 2011இல் நெல் டி யோங்கும் சார்லஸ் பெர்ஃபெட்டியும் அதைச் சோதித்தார்கள். ஒரே தலைப்பைத் திரும்பச் சொன்னவர்களின் சரளம் பின்னர் புதிய தலைப்புகளிலும் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் தலைப்பை மாற்றியவர்களிடம் அப்படி நிலைக்கவில்லை.

திரும்பச் சொல்வதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஃபிராங்க் புவர்ஸ் 2014இல் அதே பயிற்சியை மறுபரிசீலனை செய்தார். வேகம் கூடியது, பிழைகள் குறையவில்லை. முதல்முறை சொன்ன பிழையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்தது. வெறுமனே திரும்பச் சொன்னால் பிழையும் சேர்ந்து உறுதிப்படும் என்றே இதிலிருந்து தோன்றுகிறது. டிஜிட்டல் கதையில் பதிவுக்கும் பதிவுக்கும் இடையில் நின்று கேட்பது கட்டாயமாகிறது. யாரிடமாவது போட்டுக்காட்டுவதும் வழக்கம். இந்த வேறுபாடு புவர்ஸ் கண்ட சிக்கலைத் தணிக்குமா? தணிக்கும் என்று எண்ண இடமுண்டு. நேராகச் சோதித்துச் சொன்னால்தான் உறுதியாகும்.

இன்னொரு மறுப்பு கனமானது. எழுதியதை வாசிப்பது பேச்சாகாது. 250 சொற்களை ஆறுமுறை வாசித்துப் பழகியவர், பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் எதிர்பாராமல் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார் என்பதற்கு அந்தப் படம் உத்தரவாதம் இல்லை. எழுத்தை ஆசிரியர் திருத்தியிருந்தால், அது எத்தனை பங்கு கற்பவரின் மொழி என்றும் சொல்ல முடியாது. கதை வட்டத்தில் தயாரிப்பில்லாமல் பேசுவதும் படம் முடிந்தபின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். நேரம் நெருக்கும்போது ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது இந்த இரண்டையும்தான் என்பது வருத்தத்துக்குரியது.

ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தைவானில் யாங், வூ இருவரும் 2012இல் வெளியிட்ட ஓராண்டு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 110 மாணவர்களில் டிஜிட்டல் கதை செய்தவர்கள் ஆங்கிலத் தேர்விலும் சிந்தனைத் திறனிலும் ஊக்கத்திலும் மற்றவர்களை முந்தினார்கள். ஆனால் அவர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பள்ளிப்பாடம். இரண்டு வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. பெர்க்லியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட மாணவர்களோடு மார்க் நெல்சன் 2006இல் செய்த நுணுக்கமான ஆய்வு இன்னொன்றைக் கவனித்தது. பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்ற எண்ணம் மிகும்போது கற்பவர் தம் சொந்தப் பார்வையை மழுக்கிக்கொள்ளவும் கூடும். குரல் தருகிறது என்று புகழப்படும் வடிவத்துக்கு இது முக்கியமான எச்சரிக்கை.

யாருடைய அச்சில் யாருடைய கதை

கதை என்றால் என்ன என்பதில் எல்லாரும் ஒன்றுபடுவதில்லை. 1967இல் லேபோவும் வலெட்ஸ்கியும் வாய்மொழிக் கதையை அறிமுகம், சிக்கல், மதிப்பீடு, தீர்வு என்று பகுத்துக் காட்டியது பல வகுப்பறைகளில் வாய்பாடாகிவிட்டது. 1981இல் சாரா மைக்கேல்ஸ், முதல் வகுப்புப் பிள்ளைகள் கதை சொல்லும் நேரத்தை ஆராய்ந்தார். ஒரே பொருளைச் சுற்றி நேராகச் சொன்ன வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் துணை நின்றார். பல நிகழ்ச்சிகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்ன கறுப்பினப் பிள்ளைகளை, விஷயத்துக்கு வா என்பதுபோல் இடைமறித்தார். நம் ஊர்த் திண்ணையில் ஒரு சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குபவர் செத்தவரின் தாய்வழி, கல்யாணம், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் சுற்றிவந்துதான் சாவுக்கு வருவார். அவரிடம் போய் ஒரே கணத்தைத் தேர்ந்தெடு, உணர்ச்சியை முதலில் வை, இரண்டு நிமிடத்தில் முடி என்றால் அது மொழிப்பயிற்சியா, கதைமரபு மாற்றமா? சுருக்குவதில் மொழிப்பயன் இருக்கிறது. ஒரே சொல்லில் சொல்லத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த அச்சு ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட கலைமரபில் பிறந்தது என்பதை ஆசிரியர் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்வது நேர்மை.

இதைவிடக் கூர்மையான கவலை அகதிகளைப் பற்றியது. யான் ப்ளொமார்ட் 2001இல் பெல்ஜியத்தில் அடைக்கலம் கேட்ட ஆப்பிரிக்கர்களின் கதைகள் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தார். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொன்ன கதை அதிகாரியின் எழுத்தாகி, அறிக்கையாகி, கோப்பு கோப்பாக நகரும்போது சொன்னவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஒரு தேதியோ ஊர்ப்பெயரோ முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் அவர் பொய்யர் ஆகிறார். இலங்கையிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கைக் கதையைச் சொல் என்று ஓர் அதிகாரி கேட்டதற்கும் வகுப்பில் ஆசிரியர் அன்போடு கேட்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெளிவு. சொல்லிச் சொல்லிக் களைத்தவருக்கும் அது அப்படியே தெரிய வேண்டும் என்பதில்லை. வழக்கு முடியாத நிலையில் இணையத்தில் ஏறும் இரண்டு நிமிடப் படம் ஆபத்தாகவும் முடியலாம்.

சுஜாதா ஃபெர்னாண்டஸ் 2017இல் எழுதிய ‘க்யூரேட்டட் ஸ்டோரீஸ்’ நூல், வீட்டுவேலைத் தொழிலாளர்கள், குடியேறிய இளைஞர்கள், ஆப்கான் பெண்கள் எனப் பலரின் கதைகள் நன்கொடைக்கும் பரப்புரைக்கும் ஏற்றபடி எப்படிச் செதுக்கப்படுகின்றன என்று காட்டியது. துன்பம் தனிமனிதரின் மன உறுதிக் கதையாகச் சுருங்கி, அதன் காரணங்கள் மறைந்துபோகின்றன என்பது அவர் வாதம். இந்த விமர்சனத்தை வகுப்பறைக்கு முழுதாக நீட்ட முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பாலான வகுப்புக் கதைகள் வகுப்பைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் நிதி கொடுத்தவரின் ஆண்டறிக்கைக்கு ஒரு படம் தேவைப்படும்போது அந்த எல்லை தளர்ந்துவிடுகிறது.

ஸ்டோரிசென்டர் கதைசொல்லிகளின் உரிமைகளை வரையறுத்து வெளியிட்டிருக்கிறது. 2014இல் அலின் கப்ரியமும் உடன் ஆசிரியர்களும், ஒப்புதல் என்பது ஒருமுறை கையெழுத்து வாங்குவதோடு முடிவதில்லை, எழுதும்போதும் பதியும்போதும் வெளியிடும்போதும் திரும்பக் கேட்கப்பட வேண்டியது என்று வாதிட்டார்கள். மொழி வகுப்புக்கு இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒப்புதல் படிவம் கற்பவருக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். சொந்த வாழ்க்கையைத் தொடாத கதைக்கும் அதே மதிப்பெண் இருக்க வேண்டும்: சோறு வடிப்பது எப்படி, ஊர்த் திருவிழா, பாட்டி சொன்ன கதை. மார்ட்டினா வாதாடியது வாடகைக்காகத்தான். தம் துயரத்தைச் சொல்வதற்காக அல்ல.

எழுத்தறியாதவர்கள்

தாய்மொழியிலும் எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெரியவர்களுக்கு இவ்வடிவம் இயல்பாகப் பொருந்தும், குரலும் படமும் போதும் என்று சொல்வதுண்டு. மினியாபொலிஸில் சோமாலிய அகதிகளோடு எலெய்ன் டாரோன், மார்த்தா பிகலோ, கிட் ஹான்சன் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நிதானிக்கச் சொல்கிறது. எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கு, பேச்சில் ஆசிரியர் திருத்திச் சொல்வதைப் பிடித்துத் திரும்பச் சொல்வது கடினமாக இருந்தது. பேச்சின் உள்ளுறுப்புகளைக் கவனிப்பதற்கே எழுத்துப் பழக்கம் துணைசெய்கிறது போலும். அப்படியானால் குரலைத் திரும்பக் கேட்பதால் வரும் பயன் இவர்களுக்கு வேறு வகையில்தான் கிடைக்க வேண்டும். வெறும் கேட்பு போதாது. அலைவடிவம் அந்த இடத்தில் எழுத்துக்கு முந்தைய ஒரு கண்ணாடியாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஊகம், சோதிக்கத்தக்க ஊகம்.

வகுப்பறையின் கணக்கு

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு நிதி பெறும் வகுப்புகளிடம் அளக்கக்கூடிய முன்னேற்றத்தைக் கேட்கிறது. கனடாவில் 12 படிநிலைகள் கொண்ட மொழி அளவுகோலும் கற்பவர் ஆக்கங்களைத் தொகுக்கும் மதிப்பீட்டு முறையும் உள்ளன. டிஜிட்டல் கதைக்கு அங்கே இடம் கிடைப்பது எளிது. ஆஸ்திரேலியாவில் குடியேறிகளுக்கு 510 மணி நேரம் என்றிருந்த வரம்பு 2021இல் நீங்கியது. மணி நேரம் குறைவான இடங்களில் மென்பொருள் படிக்கச் செலவாகும் வாரங்கள் பெரிய இழப்பு. கைபேசி இந்தச் செலவைக் குறைத்திருக்கிறது. நாள்தோறும் வாட்ஸ்அப்பில் குரற்செய்தி அனுப்புபவருக்குப் பதிவு செய்வதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

திறந்திருப்பவை

அடையாள வாதத்துக்கு ஆழமான தனிக்கதைச் சான்றுகள் உண்டு. அகலமான சான்று இல்லை. மொழிவளர்ச்சி வாதத்துக்குப் பக்கத்துத் துறைகளிலிருந்து நல்ல ஆதரவு உண்டு. குடியேறிய பெரியவர்களிடம் நேராகச் செய்த ஒப்பீடு மெலிவாகவே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் தயாரிப்பில்லாமல் பேசும்போது ‘வொர்க்ட்’ நிற்கிறதா என்று யாராவது போய்க் கேட்க வேண்டும்.

2022 இறுதியிலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. தாய்மொழியில் நான்கு வரி சொன்னால் 250 ஆங்கிலச் சொற்களைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதித் தருகிறது. விரும்பினால் வாசித்தும் தருகிறது. எழுத்தை வைத்து மதிப்பிட்டவர்களுக்கு இது பெரும் குழப்பம். குரலை வைத்து மதிப்பிட்டால் குழப்பம் குறைகிறது: எழுதியது யாராக இருந்தாலும் பேச வேண்டியவர் அவர்தான். ஆனால் தம் உச்சரிப்பைக் கேட்கவே கூசி, எனக்குப் பதில் இயந்திரம் பேசட்டும் என்று ஒருவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது? அந்தக் கூச்சத்தை மதிப்பதா, மெல்ல அதைக் கடக்க உடன் நிற்பதா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு விடை தரக்கூடிய சான்றுகள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு கற்பவரின் கைபேசியிலும் முதல் பதிவு, இரண்டாம் பதிவு, ஆறாம் பதிவு என்று வரிசையாக இருக்கும். தாளில் இருந்த சொல் வாயில் எப்படி மாறியது, எந்த முறையில் எந்தப் பிழை உதிர்ந்தது, எது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படம் முடிந்ததும் பெரும்பாலும் மிஞ்சுவது கடைசிப் பதிவு மட்டுமே. மற்றவை, இடம் போதவில்லை என்று அழிக்கப்பட்டுவிடுகின்றன.